சுவரில் கை வைக்க முதல்

வணக்கம் நேயர்களே.

திருகோணமலை நகரத்துக்குள், டைக் வீதி, உட்துறைமுக வீதிப் பக்கங்களிலும் உள் ஒழுங்கைகளிலும் பழைய ஓட்டு வீடுகள் இன்னும் நிற்கின்றன. முன்னுக்கு விறாந்தை, நடுவில் ஹோல், இரண்டு பக்கமும் அறைகள், பின்னுக்குக் குசினி. மலசலகூடம் வளவின் கோடியில். இன்றைக்கு அறையோடு சேர்ந்த குளியலறை வேண்டும். வயதான அம்மா இரவில் மழைக்குள் இறங்காமல் போய்வர வேண்டும். குசினிக்குப் பக்கத்திலேயே சாப்பாட்டு மேசை வேண்டும். எல்லாம் நியாயமான தேவைகள்தான். வீட்டைக் கெடுக்காமல் அத்தனையையும் செய்யலாம்.

பெரும்பாலும் பிழை நடக்கிற இடம் ஒன்றுதான். ஹோலைப் பெரிதாக்க வேண்டுமென்று நடுச்சுவரை முழுதாக எடுத்துவிடுகிறார்கள். இந்த வீடுகள் பலவற்றில் கூரைக்கென்று தனிச் சட்டகம் கிடையாது. குறுக்குச் சுவர் முகடு வரைக்கும் ஏறிப்போய், முகட்டு வளையைத் தானே தாங்கி நிற்கும். சீலிங் மறைப்பதால் கீழே நின்று பார்த்தால் தெரியாது. நாலு ஓட்டைக் கழற்றி, டோர்ச் அடித்துப் பாருங்கள். வளை ஒரே மரமாக இராது. இரண்டு துண்டு சேரும் பொருத்து அநேகமாக அந்தச் சுவருக்கு மேலேயே இருக்கும். சுவரை எடுத்தால் பொருத்து அந்தரத்தில் தொங்கும். முகடு பதியும், ஓடு விலகும், அடுத்த வாடை மழைக்கு வீடு ஒழுகும். இன்னொன்று, உயரமான வெளிச்சுவரைக் காற்றுக்குச் சாயவிடாமல் பிடித்திருப்பதும் இந்தக் குறுக்குச் சுவர்தான். 1964 டிசம்பரில் சூறாவளி அடித்த கரை இது, மறந்துவிடக் கூடாது.

ஆகவே சுவரை எடுக்காதீர்கள், அதில் வாசல் திறவுங்கள். 5 அடி அகல வாசல் இரண்டு அறையையும் ஒன்றாக்கிவிடும். மூலையிலிருந்து 2 அடியாவது சுவர் மிஞ்ச வேண்டும். 5 அடிக்கு மேலே போவதென்றால் பொறியியலாளர் ஒருவர் நேரில் வந்து பார்க்காமல் தொடவே வேண்டாம்.

14 அங்குலச் சுவர் என்று வைத்துக்கொள்வோம். ஆறரை அடி நீளம், ஆறரை அங்குல அகலம், 9 அங்குல உயரத்தில் இரண்டு லின்டல், அதாவது வாசலுக்கு மேலே பாரத்தைத் தாங்கும் கொங்கிறீட் விட்டம், முன்கூட்டியே வார்த்து, மூன்று கிழமை நனைத்து வையுங்கள். கலவை சீமெந்து, மணல், சல்லி 1:2:4. அடியில் 12 மில்லிமீட்டர்க் கம்பி இரண்டு, மேலே 10 மில்லிமீட்டர் இரண்டு. கம்பிக்கு வெளியே ஒன்றரை அங்குலக் கொங்கிறீட் மூடியிருக்க வேண்டும். கடற்கரை மணலோ உவர்க் கிணற்றுத் தண்ணீரோ கலவைக்குள் போகக் கூடாது. உப்புப் போனால் கம்பி உள்ளேயே துருப்பிடித்துக் கொங்கிறீட்டைப் பிளந்துவிடும்.

முகட்டு வளைக்குச் சுவரின் இரண்டு பக்கமும் முட்டுக் கொடுங்கள். முட்டுக்கு அடியில் தடித்த பலகை வையுங்கள். பழைய நிலம் மண்ணுக்கு மேல் பூசிய மெல்லிய சீமெந்துதான், வெறும் முட்டு அதைக் குத்திக்கொண்டு இறங்கும். பிறகு ஒரு பக்கத்தில் மட்டும், சுவரின் பாதித் தடிப்புக்குக் காடி வெட்டுங்கள். மற்றப் பாதி அப்போது பாரத்தைத் தாங்கும். லின்டல் ஒன்று ஏறக்குறைய 180 கிலோ, சாரம் கட்டி ஆறு பேர் சேர்ந்து ஏற்ற வேண்டும். இரு முனையும் 9 அங்குலம் சுவரில் உட்கார வேண்டும். மேலே மிஞ்சும் இடைவெளிக்கு, ஒன்றுக்கு மூன்று சீமெந்து மணலைப் புட்டுக்குக் குழைத்த மாப் பதத்தில் எடுத்து, ஓட்டுத் துண்டும் வைத்து இறுக்கி அடியுங்கள். தண்ணிக் கலவை காய்ந்து சுருங்கும், மேற்சுவர் அந்தளவு இறங்கிவிடும். ஏழு நாள் விட்டு மற்றப் பக்கம். அதற்கும் ஏழு நாள். அதன் பிறகே கீழ்ச்சுவரை மேலிருந்து கீழாக உளியால் கழற்றுங்கள். சம்மட்டி வேண்டாம். சுண்ணாம்புச் சாந்து விரலால் சுரண்டினாலே உதிரும். சம்மட்டியால் ஒரு தரம் ஓங்கி அடித்தாலே பக்கத்துக் கற்களும் ஆடிவிடும்.

அடுத்தது குளியலறை. அதைக் குசினியை ஒட்டிப் பின் விறாந்தையில் போடுவது உத்தமம். தண்ணீரும் கழிவும் ஒரே பக்கம் போகும், நல்ல அறைகள் காய்ந்து கிடக்கும். 4 அங்குலக் குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலச் சரிவு போதும். திரும்புகிற இடமெல்லாம் திறந்து பார்க்கிற தொட்டி வையுங்கள். ஊறு குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் 50 அடிக்குக் குறையவே கூடாது. பக்கத்து வளவுக் கிணற்றையும் சேர்த்து அளவுங்கள். பழைய சுவரில் நேரே டைல் ஒட்ட வேண்டாம். ஓர் அங்குல இடைவெளி விட்டு 4 அங்குலக் கல்லால் தனிச்சுவர் எழுப்பி, அதில் குழாயும் டைலும் போடுங்கள். இடைவெளியின் மேற்பக்கம் காற்றுக்குத் திறந்திருக்கட்டும்.

காரணம் இதுதான். செங்கல்லோ முருகைக்கல்லோ, சுண்ணாம்பில் கட்டிய சுவர் நிலத்து ஈரத்தை இழுத்து மேற்பரப்பால் காற்றுக்கு விடும். சீமெந்து பூசினால் அந்த வழி அடைபடும். ஈரம் இன்னும் மேலே ஏறும், உப்புப் பூக்கும், பூச்சு பாளம் பாளமாகக் கழரும். மேசன்மார் அதற்கும் மேலே இன்னொரு தரம் சீமெந்து பூசுவது நோயை மூடிக் கட்டுவது போன்றது. கழர்ந்த இடத்தைச் சுரண்டி எடுத்து, ஒன்றுக்கு மூன்று சுண்ணாம்பு மணலால் பூசுங்கள். முன்பு பவளத்தைச் சுட்டுச் சுண்ணாம்பு எடுத்தார்கள். இப்போது கடலில் பவளம் எடுக்கத் தடை இருப்பதால், பையில் வருகிற சுண்ணாம்பை ஒரு நாளாவது தண்ணீரில் ஊறவிட்டுப் பாவியுங்கள்.

நடு முற்றம் உள்ளவர்கள் தயவுசெய்து அதை மூடாதீர்கள். வீட்டின் வெக்கை ஏறிப்போகிற புகைக்கூண்டு அது. மழைதான் பிரச்சினை என்றால் பீலியை அகலமாக்குங்கள், வடிகாலைத் துப்புரவாக வையுங்கள்.

அனுமதி விஷயம் சுருக்கமாக. உள்ளூராட்சி மன்றத்துக்கு வரைபடம் கொடுக்க வேண்டும். கடலிலிருந்து 300 மீற்றருக்குள் என்றால் கரையோரம் பேணல் திணைக்களத்திடமும் விசாரியுங்கள். 1815 மார்ச் 2க்கு முந்திய கட்டடம் தொல்பொருள் சட்டத்துக்குள் வரும்.

கூரையைத் திறக்கிற வேலையைப் பெப்ரவரியில், மாரி விட்டதும் தொடங்கலாம். சுண்ணாம்புப் பூச்சைக் கச்சான் காற்று எழும்ப முதல், ஏப்ரலுக்குள் முடியுங்கள். அந்தக் காற்றில் பூச்சு ஒரே நாளில் காய்ந்து வெடிக்கும். பிந்திவிட்டால் விடியற்காலையில் பூசி, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு, ஒரு கிழமைக்குக் காலையும் மாலையும் தண்ணீர் தெளியுங்கள்.