சின்னம்மாவின் கடனும் 12ஆம் படிச் சமன்பாடும்

மதிப்பிற்குரிய நடுவர் அவர்களே, கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை வளாகத்தில் கூடியிருக்கும் ஆசிரியர்களே, மாணவ நண்பர்களே, அனைவருக்கும் வணக்கம்.

பல்கலைக்கழகத்தில் நாம் கற்கும் கணிதம் அன்றாட வாழ்வுக்குப் பயன்படுகிறதா, பரீட்சை மண்டபத்தோடு முடிந்துவிடுகிறதா என்ற தலைப்பில், பயன்படுகிறது என்ற அணிக்காக நான் பேசுகிறேன். எனக்கு முன் பேசிய எதிரணி நண்பர், மட்டக்களப்புச் சந்தையில் மீன் வாங்கும் எவரும் தொகையீடு செய்து பார்ப்பதில்லை என்று சொல்லிக் கைதட்டல் பெற்றார். உண்மைதான், மீனுக்குக் கூட்டலும் கழித்தலும் போதும். கடனுக்கு அவை போதுமா என்பதை அவர் கேட்கவில்லை.

என் சின்னம்மா மாரி வேளாண்மைக்காக 60,000 ரூபாய் நுண்கடன் எடுத்தார். ஆண்டு வட்டி 24 வீதம், மாதம் 6,200 ரூபாயாக 12 தவணைகள் என்றார்கள். வீட்டிலும் கணக்குப் பார்த்தோம்: வட்டி 14,400, அதை முதலோடு கூட்டி 12ஆல் வகுத்தால் 6,200, ஒரு சதமும் பிழையில்லை. பிழை வேறிடத்தில் இருந்தது. முதலாவது தவணையிலிருந்தே அவர் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கொடுத்துவருகிறார்; கடைசி மாதத்தில் மிஞ்சியிருப்பது ஒரு தவணைக்கும் குறைந்த கடனே; வட்டியோ, ஆண்டு முழுவதும் 60,000 ரூபாயும் அவர் கையிலேயே இருந்ததுபோல் அறவிடப்படுகிறது. உண்மையான வீதத்தை அறிய, ஒவ்வொரு தவணையையும் கடன் எடுத்த நாளின் பெறுமதிக்குக் கொண்டுவந்து கூட்ட வேண்டும். அது, ஒவ்வோர் உறுப்பும் முந்தையதை ஒரே எண்ணால் பெருக்கி வரும் பெருக்கல் விருத்தி. அதை 60,000க்குச் சமப்படுத்தினால் 12ஆம் படிச் சமன்பாடு ஒன்று முன்னால் வந்து நிற்கிறது.

ஐந்தாம் படியிலிருந்து மேலே, வர்க்கமூலம், கனமூலம் போன்ற மூலக்குறிகளைக் கொண்டு எழுதக்கூடிய பொதுத் தீர்வுச் சூத்திரம் இல்லை என்று நோர்வேக் கணிதவியலாளர் ஆபெல் 1824இல் நிறுவினார். ஆகவே, எண்சார் பகுப்பாய்வுப் பாடத்தில் பரீட்சைக்கு முதல்நாள் இரவு (அதை மறைப்பானேன்?) மனப்பாடம் செய்த நியூட்டன்–ரப்சன் முறையை எடுத்து, ஓர் ஊகத்தில் தொடங்கித் திருத்தித் திருத்திப் போனேன். மாதத்துக்கு 3.5 வீதத்துக்குச் சற்றுக் குறைவு. ஆண்டுக்கு ஏறத்தாழ 42 வீதம். இதைக் கைத்தொலைபேசிச் செயலியே சொல்லிவிடுமே என்பீர்கள். சொல்லும், ஆனால் 24 என்பதை நம்பியிருப்பவர் அதனிடம் எதைக் கேட்பார்?

எண்களை விட்டு, கூட்டல், பெருக்கல் போன்ற செய்கைகளின் அமைப்பையே ஆராயும் அருவ அட்சரகணிதத்தை அறவே பயனற்றது என்றும் எதிரணி சொன்னது. இத்தகைய சமன்பாடுகளை எப்போது தீர்க்கலாம் என்று ஆராய்ந்த பிரெஞ்சுக் கணிதவியலாளர் கால்வா, 1832இல் 20 வயதில் இறந்தார். அந்த அட்சரகணிதத்தில், கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் வகுக்கவும் கூடிய தொகுதிகளைப் புலங்கள் என்போம்; முடிவுள்ள எண்ணிக்கையில் உறுப்புகளைக் கொண்ட புலங்கள் இன்று அவர் பெயரைத் தாங்குகின்றன. அவற்றின் மேல் 1960இல் ரீட், சொலமன் இருவரும் அமைத்த பிழைதிருத்தும் குறியீடுதான், செங்கலடிக் கடையில் மூலை கிழிந்து அழுக்கேறிய கியூஆர் அட்டையையும் உங்கள் தொலைபேசி வாசிப்பதற்குக் காரணம்; அட்டையின் உச்சப் பிழைதிருத்தத் தரத்தில் ஏறத்தாழ 30 வீதம் சிதைந்தாலும் தகவல் மீள்கிறது.

நான் கற்ற தேற்றங்கள் எல்லாமே இப்படிக் கைகொடுத்தன என்று சொல்ல மாட்டேன். வடிவங்களை வளைத்தாலும் நீட்டினாலும் மாறாத பண்புகளை ஆராயும் இடத்தியலில் எழுதிய நிறுவல்களுக்கு எங்கள் ஊரில் இன்னும் வேலை கிடைக்கவில்லை. சின்னம்மாவின் தவணைப் புத்தகமும் நான் கணக்குப் போட்ட தாளும் இதோ இருக்கின்றன. நடுவர் அவர்களின் மேசையில் வைக்கிறேன். எதிரணியினர் சரிபார்க்க விரும்பினால், கூட்டலும் கழித்தலும் மட்டும் கொண்டு சரிபார்க்கட்டும்.