யூரிக் அமிலம் எங்கிருந்து வருகிறது?

திருச்சி வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி என்று எந்த ஊரில் ரத்தப் பரிசோதனை செய்தாலும் இப்போது முடிவுத்தாளில் யூரிக் அமிலத்துக்கு ஒரு வரி இருக்கிறது. அந்த எண் 7ஐத் தாண்டிவிட்டால், கவுட் என்ற மூட்டுவலி வந்துவிடுமோ என்று பயந்து வீட்டில் முதலில் நிறுத்தப்படுவது உளுந்து. அடுத்து பருப்பு, அதற்கடுத்து கீரை. யாரோ சொன்னார்கள் என்று தக்காளியையும் சேர்த்து நிறுத்தியவர்களை நான் அறிவேன். உயிர்வேதியியல் கற்பித்து வந்தவன் என்ற முறையில் இது என்னை மிகவும் வருத்துகிறது. நல்ல உணவைப் பயந்து ஒதுக்கிவிட்டு, பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள்.

யூரிக் அமிலத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு நம் உடலின் சொந்தத் தயாரிப்பு. உணவிலிருந்து வருவது மீதி ஒரு பங்குதான். உடல் எதைச் செய்யப்போய் இதைத் தயாரிக்கிறது? அதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

நம் ஒவ்வொரு செல்லின் உள்ளேயும் டி.என்.ஏ. இருக்கிறது. அது நியூக்ளியோடைடு என்ற சிறு மூலக்கூறுகளைக் கோத்துச் செய்தது. ஒவ்வொரு நியூக்ளியோடைடிலும் ஒரு சர்க்கரை, பாஸ்பேட், நைட்ரஜன் நிறைந்த ஒரு காரம் என மூன்று பகுதிகள் உண்டு. அந்தக் காரங்களில் இரண்டு குடும்பங்கள். அடினின், குவானின் இரண்டும் பியூரின்கள். யூரிக் அமிலம் பிறப்பது இவற்றிலிருந்துதான். சைட்டோசின், தைமின் இரண்டும், டி.என்.ஏ.வின் உறவான ஆர்.என்.ஏ.வில் தைமினுக்குப் பதிலாக இருக்கும் யுராசிலும் பிரிமிடின்கள்.

ஒரு செல் இரண்டாகப் பிரியும் முன் தன் டி.என்.ஏ. முழுவதையும் இன்னொரு பிரதி எடுத்தாக வேண்டும். அதற்கு ஏறக்குறைய 1,200 கோடி நியூக்ளியோடைடுகள் வேண்டும். ஒரே ஒரு செல்லுக்கு. நம் எலும்பு மஜ்ஜையோ ஒவ்வொரு நொடியும் சுமார் 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்கி அனுப்பிக்கொண்டிருக்கிறது. குடலின் உட்புறத் தோல் சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாகிறது. எத்தனை நியூக்ளியோடைடு தேவைப்படும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அதோடு முடியவில்லை. நடவு வயலில் குனிந்து நிமிரும் ஒவ்வொரு முறையும் தசை எரிக்கும் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறும் ஒரு நியூக்ளியோடைடுதான். காலையில் நாம் விரும்பிக் குடிக்கும் கும்பகோணம் டிகிரி காபியின் வேலையும் இங்கேதான் நடக்கிறது. நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம், ஏ.டி.பி. செலவாவதையொட்டி மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்கிறது. அது கூடக் கூடத் தூக்கம் அழுத்தும். காபியில் உள்ள கஃபீன் தானும் பியூரின் வளையம் கொண்டது. உருவ ஒற்றுமையால் அது அடினோசின் உட்கார வேண்டிய இடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அடினோசினின் செய்தி மூளைக்குப் போய்ச் சேர்வதில்லை, தூக்கம் தள்ளிப்போகிறது. கஃபீனும் பியூரின்தானே, அதனால் யூரிக் அமிலம் கூடுமோ என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். கூடாது. கஃபீன் உடைந்து மெத்தில் யூரிக் அமிலங்களாகி வெளியேறுகிறது. மூட்டில் படிகமாகத் தங்குவது அதுவல்ல. சர்க்கரையை மட்டும் குறைத்துக்கொண்டு நிம்மதியாகக் காபி குடியுங்கள்.

சரி, இத்தனை நியூக்ளியோடைடையும் சாப்பாட்டிலிருந்து எடுத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். மீனிலும் கறியிலும் கீரையிலும் டி.என்.ஏ. இருக்கத்தான் செய்கிறது. ஆனால் உணவில் வரும் பியூரின்களில் பெரும்பகுதியைக் குடலின் சுவரே யூரிக் அமிலமாக மாற்றிவிடுகிறது. அவற்றில் நம் டி.என்.ஏ.வில் போய்ச் சேர்வது மிகச் சொற்பம். ஆகவே உடல் புதிதாகச் செய்துகொள்கிறது. இந்த வேலை பெரும்பாலும் கல்லீரலில் நடக்கிறது.

பியூரின் வளையத்தில் 9 அணுக்கள். அவை எங்கெங்கிருந்து வருகின்றன என்று கண்டுபிடித்த கதையில் புறாக்கள் வருகின்றன. பறவைகள் நைட்ரஜன் கழிவை யூரிக் அமிலமாகத்தான் வெளியேற்றும். கோழி எச்சத்தில் வெள்ளையாகத் தெரிவது அதுதான். 1940களில் அமெரிக்காவில் ஜான் புக்கானனும் அவருடன் பணியாற்றியவர்களும் அடையாள அணுக்கள் சேர்த்த உணவுப்பொருட்களைப் புறாக்களுக்குக் கொடுத்து, எச்சத்திலிருந்த யூரிக் அமிலத்தைப் பிரித்துப் பார்த்தார்கள். எந்த அணு எதிலிருந்து வந்தது என்பது ஒவ்வொன்றாகத் தெரிந்தது. கிளைசின் என்ற அமினோ அமிலத்திலிருந்து மூன்று அணுக்கள், குளுட்டமினிலிருந்து இரண்டு நைட்ரஜன், அஸ்பார்டிக் அமிலத்திலிருந்து ஒரு நைட்ரஜன், கரியமில வாயுவிலிருந்து ஒரு கார்பன். மீதி இரண்டு கார்பன்களைக் கொண்டுவந்து கொடுப்பது ஃபோலிக் அமிலம் என்ற பி வகை வைட்டமின்.

பிரிமிடின் வளையம் இவ்வளவு சிக்கலானதல்ல. அது தனியாக உருவாகி, பிறகு சர்க்கரையோடு சேர்கிறது. ஆனால் யுராசிலைத் தைமினாக மாற்றக் கூடுதலாக ஒரு கார்பன் வேண்டும். அதற்கும் ஃபோலிக் அமிலத்திடம்தான் போக வேண்டும்.

இங்கே ஒருவரைப் பற்றிச் சொல்லாமல் என்னால் நகர முடியாது. எல்லப்பிரகட சுப்பாராவ். 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமவரத்தில் பிறந்தவர். உடன்பிறந்தார் இருவரை ஸ்ப்ரூ என்ற குடல் நோய்க்குப் பறிகொடுத்தவர், தானும் அதே நோயில் வாடியவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தபோது கதர் உடுத்தியதால் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் அதற்குக் கீழான எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியேறினார். 1923இல் அமெரிக்கா சென்றார். ஹார்வர்டில் சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து தசையில் ஏ.டி.பி.யைக் கண்டறிந்தார். அதே காலத்தில் ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதைக் கண்டார். பிறகு சுப்பாராவின் தலைமையில் இயங்கிய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தது. அவர் வீட்டாரை வாட்டிய ஸ்ப்ரூ நோய்க்கே அது மருந்தானது.

அதோடு அவர் நிற்கவில்லை. ஃபோலிக் அமிலம் இல்லாவிட்டால் செல் பிரிய முடியாது என்றால், கட்டுக்கடங்காமல் பிரியும் புற்றுநோய்ச் செல்லுக்கு அதைக் கிடைக்கவிடாமல் செய்தால் என்ன? ஃபோலிக் அமிலத்தைப் போலவே தோன்றி அதன் வேலையைத் தடுக்கும் அமினோப்டெரின் அவருடைய ஆய்வுக்கூடத்தில் உருவானது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்குக் கொடுத்தார். நோய் சில மாதங்களுக்காவது பின்வாங்கியது 1948இல் வெளியானது. அதற்கு முன் அந்தக் குழந்தைகளுக்கு எந்த மருந்தும் இல்லை. அதே ஆண்டில் சுப்பாராவ் காலமானார். அந்த வழியில் பிறந்த மெத்தோட்ரெக்சேட் இன்றைக்கும் புற்றுநோய்க்கும் முடக்குவாதத்துக்கும் நம் ஊர் மருத்துவமனைகளில் தரப்படுகிறது. அவர் பெயரை நம் பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் படிக்க வேண்டும் என்று நான் மனமார விரும்புகிறேன்.

இனி உளுந்துக்கு வருகிறேன். சம்பா, தாளடி அறுவடைக்குச் சில நாள் முன்பே, ஈரம் காயாத வயலில் உளுந்தும் பச்சைப் பயறும் தெளிக்கிறோம். அந்த உளுந்திலும் பயறிலும், கொல்லையில் நிற்கும் முருங்கையிலும் முளைக்கீரையிலும் ஃபோலிக் அமிலம் இயற்கையாகவே உண்டு. அது தண்ணீரில் கரையும், நெடுநேரக் கொதியில் அழியும். கீரையை அளவாக வேகவைத்து, வெந்த நீரைக் கொட்டாமல் சேர்த்துக் கடையுங்கள். ஃபோலிக் அமிலம் போதாதவர்களுக்கு மஜ்ஜையில் செல்கள் அளவில் பெரிதாகின்றன, ஆனால் பிரிய முடியாமல் தவிக்கின்றன. அளவில் பெரிய, எண்ணிக்கையில் குறைந்த சிவப்பணுக்களோடு சோகை வருகிறது. வைட்டமின் பி12 குறைந்தாலும் இதேதான், ஏனென்றால் பி12 இல்லாமல் ஃபோலிக் அமிலம் மாட்டிக்கொண்டு பயனற்றுப் போகிறது.

கருவுற்ற பெண்கள் விஷயத்தில் காலம் மிகவும் முக்கியம். குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகப்போகும் குழாய், கரு உண்டான நான்கு வாரங்களுக்குள் மூடிவிடுகிறது. அந்தப் பெண்ணுக்கே கர்ப்பம் தெரிந்திராத காலம் அது. ஆகவே குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே ஃபோலிக் அமில மாத்திரையைத் தொடங்க வேண்டும். கிராம சுகாதார செவிலியர் கொடுக்கும் இரும்புச்சத்து மாத்திரையில் ஃபோலிக் அமிலமும் இருக்கிறது. அது அலமாரியில் அப்படியே கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்திருக்கிறேன். மலம் கறுத்துப் போகிறது, குமட்டுகிறது என்கிறார்கள். செவிலியரிடம் சொன்னால் சாப்பிடும் நேரத்தை மாற்றித் தருவார். மாத்திரையை விட்டுவிடாதீர்கள் அம்மா.

புதிதாகச் செய்வது உடலுக்குப் பெரும் செலவு. எனவே உடைந்த செல்லிலிருந்து வரும் பியூரின்களை அது சும்மா விடுவதில்லை. மேல்மடையில் பாய்ந்து வடிந்த தண்ணீரைக் கடலுக்கு விட்டுவிடாமல் வடிகாலில் மறித்துக் கடைமடை வயலுக்குத் திருப்புகிறோம் அல்லவா, அதே முறைதான். எச்.ஜி.பி.ஆர்.டி. என்ற நொதி தனித்துக் கிடக்கும் பியூரினைப் பிடித்து, சர்க்கரையும் பாஸ்பேட்டும் சேர்த்து மறுபடியும் நியூக்ளியோடைடாக்கிவிடுகிறது. முதிர்ந்த சிவப்பணுவால் பியூரினைப் புதிதாகச் செய்யவே முடியாது. இந்த மீட்பை நம்பித்தான் அது வாழ்கிறது. மலேரியாக் கிருமிக்கும் அப்படித்தான், அது நம் ரத்தத்திலிருந்து பியூரினை எடுத்துக்கொண்டால்தான் பிழைக்கும்.

இந்த ஒரு நொதி இல்லாமல் பிறக்கும் குழந்தைகள் உண்டு. 1964இல் மைக்கேல் லெஷும் வில்லியம் நைஹனும் அந்த நோயை விவரித்தார்கள். மிக அரிதானது, அநேகமாக ஆண் குழந்தைகளுக்கே வரும். யூரிக் அமிலம் பெருகும், உறுப்புகளின் அசைவு கட்டுக்குள் இராது. தன் உதட்டையும் விரலையும் தானே கடித்துக்கொள்ளும் அந்தக் குழந்தை. வலியை உணர்ந்து அழும், கடிப்பதையோ நிறுத்த முடியாது. யூரிக் அமிலத்தை மருந்தால் குறைக்கலாம், கடிப்பது அதனால் நிற்பதில்லை. மூளைக்குள் மீட்பு நடக்காததுதான் காரணம் என்று கருதுகிறார்கள்.

மீட்க முடியாமல் மிஞ்சுவது உடைக்கப்படுகிறது. பிரிமிடின் உடைந்தால் நீரில் எளிதாகக் கரையும் பொருட்களாகிப் போய்விடும், தொந்தரவு இல்லை. பியூரின்தான் சிக்கல். சாந்தின் ஆக்சிடேஸ் என்ற நொதி அதை யூரிக் அமிலமாக்குகிறது. மாடும் ஆடும் அதற்கு அடுத்த படியும் போய், அதை நன்றாகக் கரையும் அல்லன்டாயினாக மாற்றிவிடும். அதற்கான நொதியை நம் முன்னோரான குரங்கினம் சுமார் ஒன்றரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் இழந்துவிட்டது. ஆகவே நம் ரத்தத்தில் யூரிக் அமிலம் நிலையாக இருக்கிறது. டெசிலிட்டருக்கு 6.8 மில்லிகிராமைத் தாண்டினால் அது ஊசிப் படிகமாக மாறக்கூடும். குளிர்ந்த இடத்தில் கரைதிறன் இன்னும் குறைவு. கால் கட்டைவிரலில், நள்ளிரவில், போர்வை பட்டாலே துடிக்கும் கவுட் வலி வருவதற்கு இது ஒரு காரணம்.

அளவு கூடுவது ஏன்? பத்தில் ஒன்பது பேருக்குச் சிறுநீரகம் போதிய அளவு வெளியேற்றாததுதான் காரணம். அமெரிக்காவில் 47,000க்கும் மேற்பட்ட ஆண்களை 12 ஆண்டுகள் கவனித்து 2004இல் வெளியான ஆய்வு, கறியும் கடலுணவும் இந்த நோயைக் கூட்டுகின்றன, பியூரின் நிறைந்த காய்கறிகளும் பருப்பு வகைகளும் கூட்டவில்லை, கொழுப்பு குறைந்த பாலுணவு குறைக்கிறது என்று காட்டியது. ஆகவே கவுட் வலி உள்ளவர்கள் ஈரல், மத்தி, நெத்திலிக் கருவாடு இவற்றைக் குறையுங்கள். மதுவை, குறிப்பாகப் பீரை விடுங்கள். பாட்டிலில் வரும் இனிப்புப் பானங்களை விடுங்கள், சர்க்கரையில் பாதி ஃப்ரக்டோஸ், அது கல்லீரலில் ஏ.டி.பி.யைக் கரைத்து யூரிக் அமிலமாக்குகிறது. வெல்லத்திலும் அதே சர்க்கரைதான். இட்லியும் மோரும் சாப்பிடுங்கள். வெயிலில் வேலை செய்பவர்கள் நிறையத் தண்ணீர் குடியுங்கள். இவ்வளவு செய்தாலும் உணவுக் கட்டுப்பாட்டால் இறங்குவது சுமார் 1 மில்லிகிராம்தான். வலியோ சிறுநீரகக் கல்லோ இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால் பெரும்பாலோருக்கு மருந்தே வேண்டாம்.

அடிக்கடி வலி வருபவர்களுக்கு அல்லோபியூரினால் என்ற மருந்து இருக்கிறது. அதைத் தந்தவர்கள் கெர்ட்ரூட் எலியனும் ஜார்ஜ் ஹிட்சிங்ஸும். எலியனுக்கு 15 வயதில் பாட்டனார் புற்றுநோயில் இறந்தார், அதற்கு மருந்து காண்பதென்று அன்றே முடிவெடுத்தார். பெண் என்பதால் ஆய்வுக்கூடங்கள் வேலை தர மறுத்தன, முனைவர் பட்டப் படிப்பையும் முடிக்க முடியவில்லை. 1988இல் ஹிட்சிங்ஸ், ஜேம்ஸ் பிளாக் ஆகியோருடன் நோபல் பரிசு பெற்றார். பியூரினைப் போல வேடமிட்ட மெர்காப்டோபியூரின் அவர்களுடைய ரத்தப் புற்றுநோய் மருந்து. அதை உடல் விரைவில் உடைத்துவிடாமல் காக்க, சாந்தின் ஆக்சிடேஸைத் தடுக்கும் துணை மருந்தைத் தேடினார்கள். கிடைத்தது அல்லோபியூரினால். அதைக் கொடுத்தபோது நோயாளிகளின் யூரிக் அமிலம் இறங்கியது.

இந்த மாத்திரையைக் குறைந்த அளவில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் வரை தொடர வேண்டும். எண் இறங்கிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் மறுபடியும் ஏறும். தோலில் தடிப்போ வாய்ப்புண்ணோ வந்தால் மட்டும் அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். சிறுநீரக மாற்று செய்துகொண்டு அசாத்தியோபிரின் சாப்பிடுபவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதுவும் அதே ஆய்வுக்கூடத்தில் பிறந்த மருந்து, உடலுக்குள் மெர்காப்டோபியூரினாக மாறுவது. அல்லோபியூரினால் அதன் உடைவைத் தடுத்தால் மருந்து மிகையாகி மஜ்ஜை பாதிக்கப்படும். எந்த மருத்துவரிடம் போனாலும் சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

வணக்கம்.