திரைக்கு அந்தப் பக்கம் இருக்கிற தம்பி

(திருகோணமலையில் பெற்றோர், ஆசிரியர் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம்.

பிள்ளைகள் யூடியூப்பிலும் டிக்டொக்கிலும் யாரையோ பார்த்து உருகுகிறார்கள், வந்து புத்தி சொல்லுங்கள் என்று கூப்பிட்டீர்கள். நான் பிள்ளைகளில் தொடங்கப் போவதில்லை.

இலங்கை வானொலியில் கே.எஸ். ராஜாவும் பி.எச். அப்துல் ஹமீதும் பேசிய காலத்தில் வளர்ந்தவர்கள் இங்கே முன்வரிசையில் இருக்கிறீர்கள். நேயர் விருப்பத்துக்குத் தபாலட்டை போட்டுவிட்டு, உங்கள் பெயரை அந்தக் குரலில் கேட்டபோது உடம்பு சிலிர்க்கவில்லையா? குரல் கொஞ்சம் கம்மினாலே, இன்றைக்கு ஆளுக்குத் தடிமன் என்று கண்டுபிடித்தவர்கள் நீங்கள். அவர்களுக்கோ உங்களை யாரென்றே தெரியாது.

1956இல் டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள், நம்மைத் தெரியாத ஒருவரோடு நமக்கு வருகிற இந்த ஒருபக்க உறவைப் பற்றி எழுதினார்கள். ரசிகரைப் பழிக்காமல், நிகழ்ச்சி நடத்துபவரின் வித்தையைத்தான் உற்றுப் பார்த்தார்கள். கமெராவைக் கண்ணுக்குக் கண் பார்ப்பது, வீட்டு ஆளோடு கதைப்பதுபோலக் கதைப்பது, சொன்ன நேரத்துக்குத் தவறாமல் வருவது. இத்தனையும் நடந்தால் எந்த மனமும் பதில் சொல்லும். அநேகருக்கு இது வழமையான வாழ்க்கையோடு சேர்ந்தே ஓடுகிறது. நேரில் பழகும் மனிதருக்குப் பதிலாக இது வந்து நிற்கும்போதுதான் கவலைப்பட வேண்டும் என்றும் எழுதினார்கள். எனக்கும் அதுதான் கருத்து.

உப்புவெளியில் ஒரு அம்மா, பிள்ளைகள் எல்லாம் கனடாவில். வீடியோவில் வருகிற பெடியன் இருமினால், "கொத்தமல்லி அவிச்சுக் குடி ராசா" என்று போனைப் பார்த்துச் சொல்லுவா. அதில் என்ன நோய் இருக்கிறது? பாசம் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் இல்லை.

தபாலட்டைக் காலத்தில் இல்லாத ஒன்று இப்போது வந்திருக்கிறது: காசு. நேரலையில் பரிசு அனுப்பினால் உங்கள் பெயரைச் சொல்லி நன்றி வருகிறது. சில நாள் வரும், சில நாள் வராது. எப்போது வரும் என்று தெரியாத பதில்தான் மனதை ஆகக் கூடுதலாகக் கட்டிப்போடும். அனுப்பிய காசில் ஒரு பங்கு அந்தச் செயலியை நடத்தும் நிறுவனத்துக்குப் போகிறது. தனிமையை வைத்து நடக்கும் இந்த வியாபாரத்தில்தான் எனக்குக் கோபம், பிள்ளையில் இல்லை.

விருப்பமான பாத்திரம் தொலைக்காட்சியை விட்டுப் போனால் எப்படி இருக்கும் என்று ஜொனதன் கோஹன் என்ற ஆய்வாளர் பார்வையாளரிடம் கேட்டார். 2004இல் வெளியான ஆய்வு அது. நிஜ உறவில் கைவிட்டுவிடுவார்களோ என்று பதறுகிறவர்களே இங்கும் கூடுதலான துயரத்தை எதிர்பார்த்தார்கள். ஆகவே, சனலை மூடிவிட்டார்கள் என்று மகள் அழுதால் "உனக்கு விசரே?" என்று கேட்காதீர்கள். பக்கத்தில் இருந்து, அந்த சனலில் வந்தவர் என்னென்ன கதைப்பார் என்று கேளுங்கள். சிரித்தால் அடுத்த முறை உங்களிடம் சொல்லமாட்டாள். சிநேகிதிகளை விட்டாளா, நகை, காசு குறைகிறதா என்பதையும் கவனியுங்கள்.

சனல் நடத்துகிற தம்பி தங்கைமாரும் வந்திருக்கிறீர்கள். "உங்களை விட்டால் எனக்கு ஒருவரும் இல்லை" என்று நடுச்சாமத்தில் ஒருவர் எழுதினால், இதயப் படம் ஒன்றை அனுப்பிவிட்டுப் போகாதீர்கள். வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் சொல்லச் சொல்லுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926ஐயும் எழுதி அனுப்புங்கள்.