கண் சேர்த்ததைத்தான் கை எடுக்கிறது

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். இன்றைய ஓவியருக்குப் பெரிதும் கைகொடுப்பது இயற்கையைக் கூர்ந்து நோக்கும் பயிற்சியா, உள்ளுணர்வும் கற்பனையுமா? நோக்கும் பயிற்சியே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் நல்லதொரு சான்றோடு தொடங்கினார். ஹெலன் ஃபிராங்கன்தாலர் என்ற அமெரிக்க ஓவியர் 1952-இல், 23 வயதில், தரையில் விரித்த துணியில் வண்ணத்தை ஊற்றி 'மலைகளும் கடலும்' என்ற படத்தைப் படைத்தார். அங்கே உள்ளுணர்வைத் தவிர வேறென்ன இருந்தது என்று கேட்டார். அதே படத்தை நானும் எடுத்துக்கொள்கிறேன். சற்றுக் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

ஏறத்தாழ 7 அடி உயரம், 10 அடி அகலம். ஜெஸ்ஸோ என்ற வெள்ளை அடிப்பூச்சு பூசாத வெறும் கேன்வாஸ். முதலில் கரித்துண்டால் சில கோடுகள். அதன்மேல், டர்பன்டைன் என்ற கரைப்பான் சேர்த்து நீர்போல இளக்கிய எண்ணெய் வண்ணம். பூச்சில்லாத துணி வண்ணத்தை அப்படியே குடித்துவிடும். எண்ணெய் மட்டும் கறையின் ஓரம் தாண்டிக் கசிந்து மங்கலான வளையமாக நிற்கும். ஊறிய வண்ணத்தைச் சுரண்டி எடுக்க வழியில்லை. மேலே பூசி மறைத்தால் அந்தத் தெளிவே செத்துப்போகும். ஆக, ஒவ்வொரு ஊற்றும் முதல் தடவையே சரியாக விழ வேண்டும். திருத்த இடமே தராத ஒரு முறையில் அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அந்தக் கோடையில்தான் அவர் கனடாவின் நோவா ஸ்கோஷியாவுக்குப் போய், பாறைகளையும் கடலையும் நேரில் பார்த்து நீர்வண்ணத்தில் வரைந்துவிட்டுத் திரும்பியிருந்தார். படத்தை வரையும்போது அந்த நிலக்காட்சிகள் தன் கைகளுக்குள் இருந்ததாக அவரே பின்னால் சொல்லியிருக்கிறார். எதிரணி உள்ளுணர்வு என்று போற்றுவது, அந்தக் கைகளுக்குள் கண் கொண்டுபோய்ச் சேர்த்த சரக்கு.

இதே முறையை இன்று, தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் வண்ணத்தில் செய்கிறவர்கள் பலர். வெறுந்துணியில் எண்ணெய் இறங்கினால் காலப்போக்கில் நார் இற்றுப்போகும் என்பதால் அந்த மாற்றம் நல்லதே. ஆனால் ஜெஸ்ஸோ பூசிய பரப்பில் தண்ணீரை அளவுக்கு மேல் ஊற்றினால் வண்ணத்தைப் பிடித்துவைக்கும் பசை நீர்த்து, காய்ந்தபின் வண்ணப்படலம் வலுவிழக்கக்கூடும். வெறுந்துணி தாங்கும்; நார் பிடித்துக்கொள்ளும். பொருளின் இயல்பையும் பார்த்துத்தான் கற்க வேண்டியிருக்கிறது.

பார்க்காமல் வரைந்தால் என்ன ஆகும்? ஒரு மரத்தை நினைவிலிருந்து வரையச் சொல்லுங்கள். கிளைகள் இடம், வலம், இடம், வலம் என்று சம தூரத்தில் கிளம்பும். அடியில் இருந்த பருமனே நுனிவரை போகும். உண்மையான மரத்தில் கிளை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் தடிமன் குறைகிறது. ஒரு கிளை நம் முகத்தை நோக்கி நீண்டு, குறுகலாகத் தெரிகிறது. இன்னொன்று இலைக்குள் மறைந்து ஒரு முழத்துக்கு அப்பால் வெளிவருகிறது. இந்த ஒழுங்கின்மையை யாரும் உட்கார்ந்து கற்பனை செய்துவிட முடியாது. கைக்கு ஒரு பழக்கம் உண்டு. தடுக்க ஆளில்லாவிட்டால் அது அதையே திரும்பத் திரும்ப எழுதும். பத்தாவது படத்திலும் அதே மரம் நிற்பது இதனால்தான்.

கேமரா இருக்க வெளியே போவானேன் என்றும் கேட்டார்கள். வெயில் நாளில் மர நிழலை நேரில் பாருங்கள். வானத்தின் ஒளி அதில் விழுவதால் நீலமும் ஊதாவும் தெரியும். வெயில் பட்ட பக்கத்துக்கு ஒளியளவு வைத்து எடுத்த புகைப்படத்தில் அது பெரும்பாலும் கறுத்துக் கிடக்கும். அதைப் பார்த்து வரைகிறவர் கேன்வாஸில் ஒரு கரும்பள்ளம் தோண்டிவைக்கிறார்.

பிரிட்டிஷ் ஓவியர் டேவிட் ஹாக்னி 2007-இல் இங்கிலாந்தின் வார்ட்டர் என்ற ஊருக்கருகே மரக்கூட்டம் ஒன்றை 15 அடிக்கு 40 அடி அளவில் வரைந்தார். 3 அடிக்கு 4 அடியில் 50 கேன்வாஸ்கள். இலை விடுவதற்கு முந்தைய கிளைகளின் பின்னல்தான் அவருக்கு வேண்டியிருந்தது. அதனால் கேன்வாஸ்களை மரங்களின் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி வரைந்தார். அத்தனையையும் சேர்த்து வைத்துப் பார்க்க இடமில்லை. வரைந்தவற்றைப் படமெடுத்துக் கணினியில் இணைத்துப் பார்த்து, அடுத்ததைத் தொடங்கினார். தன் ஓவியத்தைப் பார்க்கக் கேமரா, மரத்தைப் பார்க்கத் தன் கண்!

டென்மார்க் ஓவியர் 'பேர் கிர்க்கபி' நிலவியல் படித்துக் கிரீன்லாந்துக்கு ஆய்வுப் பயணம் போனவர். அவருடைய அருவ (உருவங்களை நேராகக் காட்டாத) ஓவியங்களில் வண்ணம் பாறையடுக்குப்போலப் படிந்திருப்பதில் வியப்பில்லை.

உள்ளுணர்வே இல்லை என்று நாங்கள் சொல்லவில்லை. அதை வளர்க்க வழி இருக்கிறது என்கிறோம். 8 அங்குலத்துக்கு 10 அங்குலத்தில் ஒரு பலகை, ஓர் அங்குலத் தூரிகை, மூன்று வண்ணம், வெள்ளை. இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதற்குள் சூரியன் 30 பாகை நகர்ந்துவிடும். நிழலின் எல்லையை முதல் கால் மணியிலேயே குறித்துவிட்டு, பிறகு அது எங்கே ஓடினாலும் துரத்தாதீர்கள். துரத்தினால் ஒரே படத்தில் இரண்டு சூரியன் வந்துவிடும். மறுநாள் அந்தப் பலகையைச் சுவர்ப்பக்கம் திருப்பிவைத்துவிட்டு, அதே காட்சியை நினைவிலிருந்து பெரிதாக வரையுங்கள். முடித்தபின் இரண்டையும் அருகருகே வையுங்கள். நினைவு எதை விட்டது, எதைப் பெரிதாக்கியது என்று தெரியும். கற்பனைக்குரிய இடம் அந்த வித்தியாசம்தான். முதல் பலகை இல்லாவிட்டால் ஒப்பிட எதுவுமே இல்லை.

கடைசியாக, எதிரணி அம்மையார் ஆஸ்திரேலியப் பழங்குடி ஓவியர் எமிலி காமே ங்வாரேயை முன்வைத்தார். 1995-இல் அவர் வரைந்த பெரிய வள்ளிக்கிழங்குப் படம், 8 மீட்டர் அகலம். கறுப்பின்மேல் பின்னிப் பின்னி ஓடும் வெள்ளைக் கோடுகள். இதில் இயற்கை எங்கே என்று கேட்டார். அம்மையார் அவர்களே, அந்தக் கோடுகள் மண்ணுக்குள் ஓடும் கிழங்கின் வேர்கள். கிழங்கு முற்றும்போது மேல்மண்ணில் விழும் வெடிப்புகள். கிழங்கு தோண்டும் பெண்கள் அந்த வெடிப்பைப் பார்த்துத்தான் இடம் கண்டுபிடிப்பார்கள். அது அவருடைய குலமரபின் புனிதக் கதையும் ஆகும். காமே என்ற பெயரே அந்தக் கொடியின் விதையைக் குறிப்பது. கேன்வாஸில் அவர் வரையத் தொடங்கியபோது வயது எழுபதைத் தாண்டியிருந்தது. அதுவரை அந்த மண்ணில்தான் நடந்துகொண்டிருந்தார்.

நடுவர் அவர்களே, அந்தப் படத்தை எங்கள் அணியின் கணக்கில் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.