தெளிந்த தண்ணீரிலும் உப்பு இருக்கும்

நடுவர் அவர்களே, ஈரோட்டுப் பெரியோர்களே, வணக்கமுங்க. 'விஞ்ஞானியும் நாவலாசிரியரும் ஒருவருக்கொருவர் துணையா, அவரவர் வழி தனியா?' என்பது தலைப்பு. துணைதான் என்கிறது எங்கள் அணி. "கதை படித்து எந்த விஞ்ஞானிக்கு என்ன கிடைத்தது?" என்று எதிரணி நண்பர் கேட்டுவிட்டு உட்கார்ந்தார். லியோ சிலார்ட் என்ற இயற்பியலாளருக்குக் கிடைத்ததுங்க.

ஃபிரெடரிக் சாடி என்ற வேதியியலாளர் ரேடியத்தைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதைப் படித்த எச்.ஜி. வெல்ஸ், 1914-இல் வந்த தன் நாவலில் நகரங்கள் மேல் அணுகுண்டு விழுவதை எழுதினார். அணுவுக்குள் இருக்கும் நியூட்ரான் என்ற துகளே கண்டுபிடிக்கப்படாத காலம் அது! 1932-இல் இயற்பியலாளர் சிலார்ட் அந்த நாவலைப் படித்தார். மறுவருடம் லண்டனில் ஒரு தெருவைக் கடக்கும்போது அணுத் தொடர்வினை, அதாவது ஓர் அணுவில் நடக்கும் வினை அடுத்தடுத்த அணுக்களிலும் அதையே தூண்டிக்கொண்டு போவது என்ற யோசனை அவருக்கு வந்தது. காப்புரிமைக்கு எழுதிக் கொடுத்தார். அப்புறம் அது வெளியே தெரியக்கூடாது என்று பிரிட்டிஷ் கடற்படைத் துறையிடம் ஒப்படைத்தார். இதன் விளைவு என்ன ஆகும் என்பது வெல்ஸைப் படித்திருந்ததால் தனக்குத் தெரியும் என்று அவரே சொல்லியிருக்கிறார். யோசனை அவருடைய இயற்பியலில் பிறந்தது. பயப்படக் கற்றுக்கொடுத்தது நாவல். 1945-இல் ஜப்பான்மேல் குண்டு போடுவதை எதிர்த்து சக விஞ்ஞானிகளிடம் கையெழுத்து வாங்கியவரும் இதே சிலார்ட்தான்.

சரி, நம்ம நொய்யல் ஆற்றுக்கு வருவோம். பருத்தித் துணியில் சாயம் ஏறுவதற்குச் சாயப்பட்டறையில் உப்பைக் கொட்டுவார்கள். சாயம் துணியில் ஏறும், உப்பு கழிவோடு வெளியே போகும். கழிவிலிருந்து நிறத்தை எடுத்துவிட்டாலும் உப்பு கரைந்தபடியே இருக்கும். இது தெரியாத எழுத்தாளர் சிவப்பும் நீலமுமாக ஓடும் ஆற்றை வர்ணித்துவிட்டு நிறுத்திக்கொள்வார். தெரிந்தவர், பளிச்சென்று தெளிந்த கிணற்றுத் தண்ணீரைப் பாய்ச்சிய பிறகு மஞ்சள் காடு கருகுவதையும், காரணம் புரியாமல் வரப்பில் நிற்கும் விவசாயியையும் எழுதுவார். எனக்கு இந்தக் காட்சிதான் அதிகம் வலிக்கிறது.

ஆய்வாளர் பக்கம் பாருங்க. லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு என்று அவர் அளக்கிறார். அந்த எண் இல்லாமல் வழக்கு நிற்காது. 2011-இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதே, அதுவும் விவசாயிகள் போட்ட வழக்கில்தான். ஆனால் எண் மட்டும் போதுமா? சுப்ரபாரதிமணியனின் 'சாயத்திரை' இந்தச் சாயக்கழிவுக்கு நடுவே வாழும் மக்களின் நாவல். அப்படி ஒன்றைப் படித்த ஆய்வாளர் நொய்யலில் இருக்கும் ஒரத்துப்பாளையம் அணையில் பாட்டிலை நிரப்பிக்கொண்டு திரும்பிவிடமாட்டார். வீட்டுக்குள் போய்க் கேட்பார். "எந்த வருசத்துல இருந்துங்க ஆத்தா கிணத்துத் தண்ணியில பருப்பு வேகலை?" உப்பும் கடினமும் ஏறிய தண்ணீரில் பருப்பு லேசில் வேகாது. ஆத்தா சொல்லும் வருடம், கிணறு கெட்ட வருடம்.

எதிரணி நண்பர் இதற்குப் பதில் சொல்லட்டுமுங்க: அளவெடுக்க யாருமே வராத அந்த வருடங்களின் கணக்கை, மனிதரிடம் கதை கேட்காமல் எந்தக் கருவியை வைத்து எடுப்பீர்கள்?