யூரின்ல ரத்தம்: எந்த ஸ்கேன் எதைக் காட்டும்?

வணக்கம். வலியே இல்லாம யூரின்ல ரத்தம் போகுது. ரெண்டு நாள்ல தானா நின்னும் போயிடுது. நின்னுடுச்சேன்னு தயவுசெஞ்சு விட்டுடாதீங்க. சிறுநீர்ப்பைப் புற்றுநோய் பெரும்பாலும் இப்படித்தான் தலைகாட்டும். சிகரெட், பீடி பிடிக்கிறவங்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

முதல்ல அல்ட்ராசவுண்ட். பை நிரம்பியிருந்தா, உள்பக்கம் துருத்திக்கிட்டிருக்கிற கட்டி தெரியும். சின்னது தப்பிச்சிடலாம்.

(திரையில்: சிறுநீரகத்திலிருந்து சிறுநீர்ப்பை வரை, உள்சவ்வு ஒரே நிறத்தில்)

இந்தப் பாதை முழுக்க ஒரே வகைச் சவ்வுதான். கட்டி இதுல எங்க வேணும்னாலும் வரலாம், ஒரே நேரத்துல ரெண்டு மூணு இடத்துலயும் வரலாம். அதனாலதான் சிடி யூரோகிராம், அதாவது சிறுநீர்ப் பாதை முழுக்கக் காட்டுற சிடி ஸ்கேன். படத்துல பாதையைத் தெளிவாக் காட்டுற மருந்தை நரம்புல ஏத்தாம ஒரு தடவை எடுப்பாங்க, கல் இருந்தா அதுல தெரிஞ்சிடும். மருந்து ஏத்தி ஒண்ணரை நிமிஷம் போல கழிச்சு மறுபடி. அப்புறம் ஒரு 10 நிமிஷம் காத்திருக்கச் சொல்வாங்க. அதுக்குள்ள மருந்து யூரின்ல கலந்து இறங்கி, பாதை பளிச்னு வெள்ளையாகும். கட்டி உள்ள இடம் மட்டும் நிரம்பாம நிற்கும். கிரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற ரத்த அளவு) கூடுதலா இருக்கிறவங்க முன்னாடியே சொல்லிடுங்க.

(திரையில்: எம்ஆர்ஐ படம், சிறுநீர்ப்பைச் சுவரில் கருப்புக் கோடு)

கட்டி இருக்குன்னு தெரிஞ்சாச்சு. தசைக்குள்ள இறங்கிடுச்சா? என்னைக் கேட்டா, முக்கியமான கேள்வி இதுதான். இறங்கலைன்னா உள்ளேயே சுரண்டி எடுத்துட்டு, தேவைப்பட்டா பைக்குள்ள பிசிஜிங்கிற, நோய் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுற மருந்து விடுவாங்க. இறங்கிடுச்சுன்னா பையையே எடுக்க வேண்டி வரலாம், இல்லேன்னா கீமோவோட ரேடியேஷன். எம்ஆர்ஐல தசை இந்தக் கருப்புக் கோடாத் தெரியுது பாருங்க. கட்டிக்குக் கீழ கோடு அறுபடாம ஓடுதா, அறுந்திருக்கா? இதையெல்லாம் வச்சு 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுற 'வைராட்ஸ்' முறை 2018ல வந்தது. எண் ஏற ஏற, தசைக்குள்ள இறங்கியிருக்க வாய்ப்பும் ஏறும். ஆனா உறுதியாச் சொல்றது, சுரண்டி எடுத்த சதையைச் சோதிக்கிற பயாப்ஸிதான். முடிஞ்சா சுரண்டுறதுக்கு முன்னாடியே எம்ஆர்ஐ எடுத்துடுறது நல்லது. சுரண்டின இடத்துப் புண்ணும் வீக்கமும் கட்டி மாதிரியே ஏமாத்தும்.

பெட் ஸ்கேன் பைக்குள்ள பார்க்க அவ்வளவா உதவாது. அதுக்குப் போடுற மருந்தே யூரின் வழியாத்தான் வெளியேறும், பை முழுக்க ஒளிரும். வேற உறுப்புக்குப் பரவிடுச்சான்னு பார்க்கப் பயன்படும்.

எல்லா ஸ்கேனும் நார்மல்னு வந்தாலும், டாக்டர் சிஸ்டோஸ்கோப்பி, அதாவது கேமரா வச்ச குழாயை விட்டுப் பைக்குள்ள பார்க்கிற சோதனை, சொன்னா மறுக்காதீங்க. சவ்வுமேல தட்டையாப் படர்ற புற்றுநோய் ஒண்ணு இருக்கு, அது ஸ்கேன்ல பெரும்பாலும் சிக்காது. வளையிற குழாய்னா மரத்துப்போற ஜெல் தடவி, சில நிமிஷத்துல பார்த்துடுவாங்க. அன்னைக்கே வீட்டுக்குப் போயிடலாம்.