நெல் எங்கே காத்து நிற்கிறது?

(கிளிநொச்சியில் அரிசி ஆலை உரிமையாளர்களும் தொழிற்சாலை முகாமையாளர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவைக்கு வணக்கம்.

உற்பத்தித்திறன் பற்றிப் பேசும்படி கேட்டிருக்கிறீர்கள். இந்தச் சொல் காதில் விழுந்ததும் முதலாளியின் முகம் மலர்கிறது, தொழிலாளியின் முகம் சுருங்குகிறது. இனி இன்னும் வேகமாக வேலை வாங்கப்படும் என்றுதான் இருவரும் நினைக்கிறார்கள். ஓர் ஆலைக்குள் போனால் நான் ஆட்களின் கைகளைப் பார்ப்பதில்லை. சரக்கு எங்கே நிற்கிறது, எவ்வளவு நேரமாக நிற்கிறது என்றுதான் பார்ப்பேன். ஒரு மூட்டை நெல்லை உமி நீக்கித் தீட்டி அரிசியாக்க இயந்திரங்களுக்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் அந்த மூட்டை வாசலில் இறங்கிய நாள் முதல் அரிசியாக லொறியில் ஏறும் நாள் வரை எண்ணிப் பாருங்கள், வாரக்கணக்கில் வரும். அந்தச் சில நிமிடங்களைக் குறைக்கத்தான் கடன் வாங்கிப் புது இயந்திரம் பூட்டுகிறோம். வாரங்களைப் பற்றிக் கேட்க ஆளில்லை.

ஜோன் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிய ஒரு கணக்கு இருக்கிறது. உள்ளே நிற்கும் சரக்கை நாளொன்றுக்கு வெளியேறும் அளவால் வகுத்தால், ஒரு பொருள் உள்ளே தங்கும் நாட்கள் கிடைக்கும். உங்கள் ஆலையில் நெல்லும், ஊறுவதும், காய்வதும், விற்காத அரிசியுமாக 150 தொன் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 10 தொன் வெளியேறுகிறது என்றால், உங்கள் பணம் 15 நாள் அங்கே படுத்துக் கிடக்கிறது. வங்கி அந்த 15 நாளுக்கும் வட்டி எழுதுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கும் சேர்த்து.

எங்கே படுத்துக் கிடக்கிறது? இரணைமடுக் குளத்தின் மடியில் இருக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. குளம் நிரம்பி வான் பாய்ந்தாலும், துருசு என்கிற மதகு விடுகிற அளவுதான் வாய்க்காலுக்கு வரும். ஆலைக்குள்ளும் அப்படி ஓர் ஒடுங்கிய இடம் இருக்கிறது. உமி நீக்கும் இயந்திரம் எட்டு மணி நேரத்தில் 16 தொன் தள்ளும், உலர்த்தும் வசதி நாளுக்கு 8 தொன்தான் என்றால், உங்களுடையது 8 தொன் ஆலை. இரண்டாவது உமி நீக்கி வாங்கினாலும் அது 8 தொன் ஆலையேதான், கடன் மட்டும் கூடியிருக்கும்.

வன்னியில் நான் பார்த்த புழுங்கல் அரிசி ஆலைகளில் இந்த ஒடுக்கம் பெரும்பாலும் உலர்த்துமிடத்தில்தான். மழைக்காலப் பயிரான காலபோகத்தின் அறுவடை முழுவதும் தை, மாசியில் ஒன்றாக வந்து குவிகிறது. வெட்டு இயந்திரம் ஒரே நாளில் வயலை முடித்துவிடுகிறது, நெல்லோ ஈரத்தோடு வருகிறது. இடையில் ஒரு மழை பெய்தால் களம் நனைகிறது, அவித்த நெல் மூடிக் கிடக்கிறது, அதற்குப் பின்னால் எல்லாம் நிற்கிறது. வீதியோரத்தில் காயப்போடுவதைப் பற்றி நான் சொல்லாமலே எல்லோருக்கும் தெரியும். மேலே ஏறிப்போன சக்கரம் எத்தனை மணியை உடைத்தது என்பது மட்டும் எந்தக் கணக்குப் புத்தகத்திலும் வருவதில்லை.

ஈரத்தையும் கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 20 சதவீத ஈரப்பதனில் 1000 கிலோ நெல் வாங்குகிறீர்கள். அதில் தண்ணீர் 200 கிலோ. 14 சதவீதத்துக்குக் காய்ந்ததும் கையில் இருப்பது ஏறத்தாழ 930 கிலோ. மிச்சம் 70 கிலோவை ஆகாயம் எடுத்துக்கொண்டது. காய்ந்த நெல்லின் விலை கொடுத்து ஈர நெல்லை வாங்கியிருந்தால், 100 தொன்னுக்கு 7 தொன் தண்ணீருக்குப் பணம் கொடுத்திருக்கிறீர்கள். இப்படிச் சொன்னதும் விவசாயியின் விலையில் கைவைக்கச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அவர் முன்னாலேயே ஈரப்பதன் மானியை வைத்து, அந்த இலக்கத்தை அவருக்கும் காட்டி விலை பேசுங்கள். கையால் நெரித்துப் பார்த்து "ஈரம் கூட" என்று அடித்துச் சொல்வதால்தான் சந்தேகமும் சண்டையும் வருகின்றன.

காத்திருப்பு எல்லாமே வீண் என்றும் நினைத்துவிடக் கூடாது. அவித்த நெல்லை ஒரே மூச்சில் 14 சதவீதத்துக்கு இறக்கினால் மணியின் வெளிப்புறம் இறுகி உள்ளே ஈரம் நிற்கும், மணி வெடிக்கும். அதனால் 18 சதவீதம் அளவுக்கு வந்ததும் சில மணி நேரம் குவித்து ஆறவிட்டு, பிறகுதான் மீதியைக் காயவைப்பார்கள். அந்தச் சில மணி நேரத்தை மிச்சம் பிடிக்கப் பார்ப்பவருக்கு அது குறுணலாக, உடைந்த அரிசியாகத் திரும்பி வரும். முழு அரிசிக்கும் குறுணலுக்கும் உள்ள விலை வித்தியாசம் உங்களுக்குத் தெரியும்.

வெளியேறும் வழியிலும் அடைப்பு வரும். பரந்தனில் இரசாயனத் தொழிற்சாலை இயங்கிய காலம் உங்களில் மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். உப்புக் கரைசலில் மின்சாரம் பாய்ச்சினால் கோஸ்டிக் சோடாவும் குளோரினும் சேர்ந்தே பிறக்கும். குளோரினைக் கொண்டுபோக வழியில்லாவிட்டால், வாங்க ஆளிருந்தும் கோஸ்டிக் சோடாவை நிறுத்தியாக வேண்டும். நமது ஆலைகளில் அந்தக் குளோரினின் இடத்தில் உமி இருக்கிறது. 100 கிலோ நெல்லுக்கு 20 கிலோ அளவில் உமி வருகிறது. கொதிகலனுக்கும் உலர்த்திக்கும் போனது போக மீதிக்கு ஒரு வழி வைக்காத ஆலையில், உமிக்குவியல்தான் கடைசியில் முகாமையாளர்.

இயந்திரம் நிற்கிற நேரத்துக்கு வருகிறேன். 1969இல் டொயோட்டாவில் 1000 தொன் அழுத்தப் பொறியில் தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் அச்சை மாற்றும் வேலை நான்கு மணி நேரத்திலிருந்து மூன்று நிமிடத்துக்கு வந்தது. அதைச் செய்தவர் ஷிகியோ ஷிங்கோ. அவர் முதலில் கேட்ட கேள்வி எளிமையானது: பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எதையெல்லாம் செய்து வைத்துவிடலாம்? நமது உமி நீக்கியில் இருக்கிற இறப்பர் உருளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுற்றுவதால் வேகமானது முதலில் தேயும். இடையில் இரண்டையும் இடம் மாற்றிப் பூட்டினால் தேய்மானம் சமமாகும், ஆயுள் கூடும். ஆனால் பல ஆலைகளில் இயந்திரத்தை நிறுத்திய பிறகுதான் திறப்பைத் தேடுகிறார்கள். அதற்கும் பிறகுதான் ஒருவர் உருளை வாங்கக் கடைக்குப் புறப்படுகிறார். அவர் திரும்பி வரும்வரை ஆறு பேர் தேநீர் குடிக்கிறார்கள். அந்த ஆறு பேரையும் சோம்பேறிகள் என்று திட்டுவதில் எந்த நியாயமும் இல்லை.

ஆள் வரவில்லை என்ற முறைப்பாடு ஆடைத் தொழிற்சாலைக்காரர்களிடமிருந்துதான் அதிகம் வருகிறது. வற்றாப்பளைப் பொங்கல் வைகாசியில் வரும் என்பதும், மடுத் திருவிழா ஓகஸ்ட் 15இல் என்பதும் நேற்று வந்த செய்தியா? அன்று கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வரவுப் பதிவேட்டைப் பார்த்துக் கோபப்படுவதைவிட, வருடாந்தப் பராமரிப்பை அந்த நாட்களில் போட்டுக்கொள்ளலாம். பராமரிப்புக்கு நான்கு பேர் போதும்.

கூலி பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். மூட்டைக் கணக்கில் கூலி கொடுத்தால் மூட்டைதான் கூடும். உருளை இறுகும், குறுணல் பெருகும், உலர்த்துமிடம் ஈடுகொடுக்க முடியாமல் நிற்கும்போதும் இயந்திரக்காரர் அரைகுறையாகக் காய்ந்த நெல்லை இழுத்துப் போடுவார். முழு அரிசியின் எடையைப் பார்த்து ஊக்கத்தொகை கொடுங்கள், அதையும் உலர்த்துபவர் முதல் தீட்டுபவர் வரை எல்லோருக்கும் பங்கிடுங்கள். அப்போது "இந்த நெல் இன்னும் காயவில்லை" என்று சொல்லி இயந்திரத்தை நிறுத்தும் துணிவு தொழிலாளிக்கு வரும். நிறுத்தியதற்காக அவரை ஏசினால், மறுமுறை அவர் வாய் திறக்கமாட்டார்.

நான் பேசியது போதும். ஈரப்பதன் மானி ஒன்றைக் கொண்டு வந்திருக்கிறேன். தங்கள் ஆலையிலிருந்து பிடி நெல் எடுத்து வரும்படி முன்பே கேட்டிருந்தேன். கொண்டு வந்தவர்கள் முன்னுக்கு வாருங்கள். முதலில் கையால் நெரித்து ஈரம் எவ்வளவு என்று சொல்லுங்கள், பிறகு மானியைப் பார்ப்போம்.